தண்ணீர்க் குடுவையில் ஒரு நிழல்

அந்த நிழலை முதலில் தண்ணீர்க் குடுவையில்தான் பார்த்தாள். ஸ்கேன் மிஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, தினமும் காலையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடுவை ஒன்றைப் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். சாம்பல் வட்டம் தவிர ஒன்றும் தெரியக்கூடாது. அன்று நடுவில் எலுமிச்சை அளவுக்கு வெளிறிய ஏதோ ஒன்று தெரிந்தது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். "சும்மா தூசியா இருக்கும், விடுங்க" என்று டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்தைக் கிறுக்கினாள். பன்னிரண்டு வருடமாக ஸ்கேன் படம் பார்க்கிற டாக்டர். அன்றைக்கு அப்படி என்ன அவசரமோ!

அவள் அறைக்கு ஜன்னல் கிடையாது. நண்பகலிலும் விளக்கை அணைத்து, ஏசியின் உறுமலும் கம்ப்யூட்டரின் சூடான பிளாஸ்டிக் வாடையுமாக, திரை வெளிச்சத்தில் ஒவ்வொரு நெஞ்சையும் மேலிருந்து கீழாக உருட்டிப் பார்ப்பாள்; இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, இதயமும் மூச்சுக்குழாயும் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்தச் சந்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். அந்தச் சந்தில் ஒரு கட்டி, மூடிய முஷ்டி மாதிரி. அடுத்தது ஒரு டீச்சர். அதே இடத்தில் அதே கட்டி, ஆனால் கட்டைவிரல் பிரிந்திருந்தது. டிரைவரின் படத்தை மறுபடி திறந்தாள். சுத்தம். ஒன்றுமே இல்லை.

இன்டர்காமை எடுத்தாள். "மிஷினை நிறுத்துங்க. அடுத்த ஆளை ஏத்தாதீங்க."

"ஏத்தியாச்சே மேடம். உங்க தம்பிதான். 'சொந்த அக்கா டாக்டரா இருந்தும் என்னை வரிசையில நிக்க வெச்சுட்டா'ன்னு புலம்பிக்கிட்டே படுத்தாரு."

மூன்று வாரமாக அவனுக்கு இருமல். வாடா, வாடா என்று நச்சரித்து வரவழைத்ததே அவள்தான். அம்மா போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருப்பது அவன் ஒருவன்தான்.

ஓடினாள். செருப்பு கழன்றது. கண்ணாடிக்கு அப்பால், ஸ்கேன் வளையத்துக்குள், கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி தம்பி படுத்திருந்தான். மிஷினின் பதிவுக் குரல் வழக்கம்போல இதமாகச் சொன்னது: "மூச்சை இழுத்துப் பிடிங்க."

சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். வளையம் நின்றது.

"மூச்சை விடுடா!" மைக்கில் கத்தினாள். "டேய், விடுடா!"

அவன் விடவில்லை. மார்பு உப்பியபடியே நின்றது.

"மேடம்..." டெக்னீஷியன் திரையைப் பார்த்தபடி சொன்னார். "மிஷின் நின்னுடுச்சு. படம் இன்னும் ஓடுது."

திரையில் தம்பியின் நெஞ்சு. நடுவில் ஒரு கை. ஐந்து விரலும் விரிந்து.

அது மூச்சுக்குழாயைச் சுற்றி நிதானமாக மடங்கியது. சுண்டுவிரல். மோதிர விரல். நடுவிரல். கண்ணாடிக்கு அப்பால் தம்பியின் குதிகால்கள் மேசையில் அடித்துக்கொண்டன.

ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கவில்லை. மெல்லத் திரும்பி, அவளைக் காட்டியது.