வெறுங்கை பட்ட மண்

"ஐயோ... தொடாதீங்க!"

தினேஸ்வரி போட்ட சத்தத்தில் மழையே ஒரு நொடி நின்று பெய்தது. சேற்றில் தடுமாறியவளுக்கு உதவ மண்வாரி இயந்திரத்திலிருந்து குதித்து வந்தவன், ஒரு கை மண்ணை அள்ளி அவளுடைய மண் மாதிரிப் பைக்குள் போட்டுவிட்டு விழித்தான்.

"வெறுங்கையால போட்டுட்டீங்களே! இந்தப் பை இனி குப்பைக்குத்தான்."

"என் கை அவ்ளோ அழுக்கா, மிஸ்?"

கேட்டுவிட்டு விக்னேஸ்வரன் விறுவிறுவென்று திரும்பி நடந்தான். அந்தக் கண்கள்... கோபத்திலும் என்ன அழகு! சீ, மனமே, இப்போதா இது?

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டம் அது. வீடு கட்ட எல்லாவற்றையும் நிரவியாயிற்று. மிஞ்சிய இந்த ஒரு மூலையையும் சாயங்காலத்துக்குள் அவன் மூடிவிடுவான். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களை மரபணு வைத்து வகை பிரிப்பது அவள் ஆராய்ச்சி. இந்த மண் கிடைக்காவிட்டால் இரண்டு வருட உழைப்பு அரைகுறைதான்.

இஞ்சின் உறுமியது. பேராசிரியரிடமே மன்னிப்புக் கேட்காத வீம்புக்காரி, மழையில் நனைந்தபடி மண்வாரியின் முன்னால் போய் நின்றாள்.

"என் கையும் படக்கூடாதுங்க... எல்லார் கையிலயும் கிருமி இருக்கு. மண்ணுல உள்ளத மட்டும்தான் நான் எண்ணணும். வெவரம் சொல்லாம கத்திட்டேன்... தப்பு என்னுதுதான்."

இஞ்சின் அடங்கியது.

"எங்கம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த தோட்டம் இது. செத்த மண்ணுங்கிறானுங்க எல்லாரும். இதுல உசுரு இருக்கா, மிஸ்?"

"அத எண்ணத்தானே வந்தேன்..."

"அப்ப எடுங்க லா! எங்க மொதலாளி தவுக்கே ஏசுனா நான் பாத்துக்குறேன். எண்ணி முடிச்சா எனக்கும் சொல்லுங்க."

அவள் ஆறு பை நிரப்பும்வரை தலைக்கு மேல் கித்தானைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிளம்பும்போது போன் நம்பரும் கொடுத்தான்.

மூன்று வாரம் கழித்து, அவனுக்கு இப்போது சிலிம் ரிவர் ஊரில் வேலை என்று விசாரித்து, ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாள்.

"நாலாயிரம் வகைக்கு மேல இருக்கு! பாதிக்கு இன்னும் பேரே வைக்கல. பக்கத்துக் காட்டு மண்ணவிட அதிகம்... நீங்க காத்துக் குடுத்த மண்ணுங்க!"

விக்னேஸ்வரனின் நெஞ்சு நிமிர்ந்தது. "எங்கம்மாகிட்ட இந்தச் சேதிய சொல்லணுமே..." என்றவன் குறும்பாகப் பார்த்தான். "ஆமா, இத வாட்ஸ்ஆப்புல போட்டிருக்கலாமே, மிஸ்?"

"போட்டிருக்கலாம்தான்..." கன்னம் சுட்டது. வீம்பாவது ஒன்றாவது! "சேதி வந்து சேர்ந்திருக்கும். உங்களப் பாத்திருக்க முடியாதே... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

அவன் முகமெல்லாம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப எங்கம்மாகிட்ட ரெண்டு சேதி சொல்லணும்..."