அறுபது கிலோ இருக்கை

செங்குடியில் சாப்பாட்டு மணி அடித்ததும் முதலில் கேட்பது திரைகளை இழுக்கும் சத்தம். கூடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி, ஒரு பலகை, சுவரில் ஒரு சதுரத் துளை. உள்ளே போனவர் திரையை முழுக்க இழுத்துவிட்ட பிறகுதான் துளை திறந்து தட்டு வரும். இங்கே கணவன் சாப்பிடுவதை மனைவி பார்த்ததில்லை. நடைபாதையில் யாராவது எதையாவது வாயில் போட்டுக்கொண்டால், எதிரே வருபவர்கள் அப்படியே நின்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் மென்று விழுங்கி நகரும்வரை காத்திருப்பார்கள்.

செவ்வாயில் வந்து இறங்கிய முதல் தலைமுறை பதினான்கு மாதம் அரை வயிற்றோடு கிடந்தது. அத்தனை மாதமும் ஒருவர் தட்டை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்த்ததில் கடைசியாக என்ன நடந்தது என்பதைச் செங்குடியில் யாரும் பேசுவதில்லை. பஞ்சம் தீர்ந்ததும் அவர்கள் போட்ட முதல் சட்டம், அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது என்பது. கண்ணு படும் என்று பூமியில் சும்மா வாயால் சொல்லிக்கொள்வதை இவர்கள் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். இரண்டாவது சட்டம், தட்டில் விழுவது மட்டுமே சாப்பாடு, கையில் வாங்குவது கணக்கு ஏட்டில் ஏறாது என்பது. பஞ்ச காலத்தில் அழுத குழந்தைக்காக ஒரு பிடி பொரியைக் கையில் வாங்கிய பெண்ணைத் தண்டித்த பாவத்துக்கு அது பரிகாரம்.

இரண்டு சட்டத்தையும் காப்பது படியளப்பான். சுவர்களுக்குள் ஓடிச் சாப்பாடு தரும் இயந்திரம் அது. கூடத்தில், நடைபாதையில், வேலைத்தலத்தில் என்று சுவரில் எங்கே துளை இருந்தாலும் அங்கே அது இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கும். யாரிடமும் சொல்லாது.

சௌதாமினிக்கு ஐம்பத்து நான்கு வயது. பாசித் தொட்டிகளின் மேற்பார்வையாளர். அவளுடைய கவலை நமக்கு மிகவும் பழக்கமான கவலைதான். எடை குறைய வேண்டும். ஆனால் காரணம் பழக்கமானதல்ல. பூமிக்கு இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு ஒரு கப்பல். அதில் ஓர் இருக்கைக்கு அறுபது கிலோ, உடுத்திய துணியோடு சேர்த்து. எரிபொருள் கணக்கு அப்படி. ஒரு கிலோ கூடினாலும் இருக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.

பூமியில் அவள் மகள் நறுமுகை இரண்டு மாதக் கர்ப்பம். செய்தி வந்த அன்று கப்பல் கிளம்பத் தொண்ணூறு நாள் இருந்தது. பயணம் நான்கு மாதம். சௌதாமினி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். போய் இறங்கினால் சரியாக ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு அம்மா இருப்பாள். இந்தக் கப்பலை விட்டால் குழந்தை நடக்கப் பழகி, பேசப் பழகி, பாட்டி என்பது சுவரில் தெரியும் படம் என்று நினைத்துக்கொள்ளும்.

அன்று அவள் எடை அறுபத்து மூன்று. செவ்வாயில் உடம்பு என்னவோ பஞ்சு மாதிரிதான் இருக்கும். ஆனால் எடை மேடை ஈவிரக்கம் பார்க்காமல் பூமிக் கணக்கில்தான் சொல்லும்.

“மூணு கிலோதானே அக்கா, தித்திப்பி போட்டுக்குங்க. சர்க்கரைய அடியோட நிறுத்திடலாம்” என்றாள் டாக்டர் ஹமீதா.

தித்திப்பி என்பது எள்ளளவு சில்லு. நாக்கின் அடியில் பதித்துவிட்டால் சுவை நரம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வெறும் காபியைக் குடித்தால் போதும், மூன்று கரண்டி போட்டதுபோல இனிக்கும். உடம்புக்குள் போவது ஒன்றுமில்லை. செங்குடியில் ஏற்கெனவே நாற்பது பேர் போட்டிருந்தார்கள். சௌதாமினி நாற்பத்தொன்றாவது ஆள்.

முதல் இருபது நாளில் இரண்டு கிலோ குறைந்தது. அவள் கணவர் மாசிலாமணி, பண்டகசாலைப் பொறுப்பாளர், பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார். முப்பதாவது நாள் எடை நின்றது. நாற்பதாவது நாள் ஏறத் தொடங்கியது. அறுபத்தைந்தாவது நாள் மேடை அறுபத்து நான்கு என்றது. அவள் இறங்கி மறுபடி ஏறினாள். அறுபத்து நான்குதான்.

“நான் ஒண்ணுமே சாப்பிடறதில்ல டாக்டரம்மா. கால் வயித்துக்குத்தான் சாப்பிடறேன். சத்தியமா.”

ஹமீதா படியளப்பானின் ஏட்டைத் திறந்து பார்த்தாள். சௌதாமினி சொன்னது உண்மை. அறுபத்தைந்து நாளாகத் தட்டில் விழுந்ததைக் கூட்டினால் ஐந்து கிலோ குறைந்திருக்க வேண்டும். தைராய்டு, நீர், எலும்பு எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. எடை வருகிறது, அது வரும் வழிதான் தெரியவில்லை. மூடிய டப்பாவைப் போன்ற அந்தக் குடியிருப்பில் காற்றைக்கூட அளந்துதான் விடுகிறார்கள். ஒருவர் உடம்பில் ஒரு கிலோ கூடினால் வேறெங்கோ ஒரு கிலோ குறைந்தே ஆக வேண்டும்.

குறைந்துதான் இருந்தது. மாசிலாமணி அதைக் கண்டுபிடித்துவிட்டு இரண்டு வாரமாக யாரிடமும் சொல்லாமல் இருந்தார். பண்டகசாலையில் கடலை உருண்டை மட்டும் இருநூறு கிலோவுக்கு மேல் காணவில்லை. முறுக்கும் சேவும் தனி. செவ்வாயில் எலி கிடையாது, எறும்பு கிடையாது. படியளப்பானைக் கேட்டால், ‘கொடுத்தாயிற்று’ என்றது. யாருக்கு என்று கேட்டால், ‘உண்டவர் கேட்டால் உண்டவருக்குச் சொல்வேன்’ என்றது. அவ்வளவுதான்.

அறுபத்தாறாவது நாள் பிற்பகலில், தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்த சௌதாமினி கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் கடலைத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. மெல்லியது, சிவப்பு. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரலை முகர்ந்தாள். நெய் வாசம். காலையிலிருந்து அவள் கடலையைத் தொடவே இல்லை. தொட்ட நினைவு கொஞ்சம்கூட இல்லை. நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினாள். அங்கே ஏதோ இருந்தது.

தன் கையைத் தானே தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோல நடந்து வீட்டுக்கு வந்தாள்.

“என்னங்க, என் கை என் பேச்சக் கேக்கல” என்றாள்.

மாசிலாமணி கதவைச் சாத்தினார். “உன் புடவை மடிப்புலயும் துகள் கொட்டுது சௌதா. பத்து நாளா பாக்கறேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

பயம் அப்படித்தான் வெளியே வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. தித்திப்பி போட்டவர்கள் ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்கள். ஒருவருக்கு நகக்கண்ணில் வெல்லம். ஒருவருக்குப் படுக்கையில் சேவுத் துகள். குழாய்ப் பழுது பார்க்கும் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தபோது தன் தாடை அசைவதைக் கவனித்துத் திடுக்கிட்டதாகச் சொன்னார். நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேருக்கு எடை ஏறியிருந்தது. முப்பத்தாறு பேரும் ஒன்றுமே சாப்பிடவில்லை. அதற்கு ஒரு பெயர் வைக்கவும் பயந்து, ‘அது’ என்று மட்டும் சொன்னார்கள். நாக்கு இனிப்பு வந்துவிட்டது என்று சொல்கிறது, உடம்பு காத்திருக்கிறது, வருவதாகச் சொன்னது வரவில்லை; அதனால் ஆளைக் கேட்காமலே கையை அனுப்பி எடுத்துக்கொள்கிறது. இப்படி ஒரு விளக்கம் எங்கிருந்தோ கிளம்பி எல்லார் வாயிலும் புகுந்தது. சிலர் வேலை நேரத்தில் மணிக்கட்டைப் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள்.

ஹமீதாவும் முதலில் அதைப் பாதி நம்பினாள். பிறகு மாசிலாமணி வந்து படியளப்பான் தனக்குச் சொன்ன பதிலைச் சொன்னபோதுதான் அவளுக்கு உறைத்தது.

“அக்கா, உண்டவர் கேட்டா உண்டவருக்குச் சொல்லும். நீங்க உங்க வாயாலேயே கேளுங்க. கேட்டா படம் காட்டும்.”

செங்குடியின் வரலாற்றில் அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்ப்பதே பாவம் என்று இருக்கும் ஊரில், தான் சாப்பிடுவதைத் தானே பார்க்க யாருக்கு மனம் வரும்? வெறித்த கண்ணும் தொங்கிய தலையுமாகத் தன் உடம்பு நடந்து போவதை இன்று பார்க்கப் போகிறோம் என்று சௌதாமினி நினைத்தாள். ஹமீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்கூடவே இருங்க டாக்டரம்மா” என்றாள். பிறகு சுவரைப் பார்த்து, “காட்டு” என்றாள்.

சுவர்த் திரையில் தொட்டித் தளத்து நடைபாதை படமாகத் தெரிந்தது. சௌதாமினி வந்தாள். கண் தெளிவாக இருந்தது. தலைமுடியை நன்றாக முடிந்திருந்தாள். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்து துளை முன்னால் நின்றாள்.

“இன்னிக்கு காபிலயும் சர்க்கரை இல்ல, பால்லயும் இல்ல பாத்தியா?” என்று சிரித்தாள். “அதுக்குப் பதிலா ஒரே ஒரு உருண்டை குடு.”

துளை திறந்தது. “தட்டிலா, கையிலா?” என்றது படியளப்பான்.

“இதெல்லாம் ஒரு சாப்பாடா? கையிலதானே வாங்கறேன். எழுதாத.”

எதிரே வந்த இருவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் தின்றாள். விரலை நக்கினாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். “ஒத்தையா குடுத்தா எப்படி? இன்னொண்ணு குடு.”

அடுத்த படம், மறுநாள். அடுத்தது, அதே நாள் மாலை. முறுக்கு. சேவு. மறுபடி உருண்டை. ‘காலைல பாதிதானே சாப்பிட்டேன்.’ ‘இன்னிக்கு ஏறி இறங்கி எவ்வளவு வேலை.’ ‘எனக்குத்தான் தித்திப்பி இருக்கே.’ எழுபது நாளில் முந்நூற்று இருபத்தெட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் குழந்தையின் முகத்தில் இருப்பதுபோல ஒரு நிம்மதி.

ஹமீதா படத்தை நிறுத்தினாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“சில்லு ஒண்ணும் பண்ணல அக்கா. அது இனிக்குது, அவ்வளவுதான். அது மிச்சம் பிடிச்சுக் குடுத்தத நீங்க கையில வாங்கிட்டீங்க. ஒண்ணொண்ணும் சின்னதுங்கிறதால மனசுல நிக்கல. இன்னும் இருபது நாள் இருக்கு. நாலு கிலோங்கிறது கஷ்டம்தான், ஆனா இத நிறுத்திட்டு நடைய கூட்டினா கிட்டத்தட்ட வந்துடும். மிச்சத்துக்கு நான் கப்பல்காரங்ககிட்ட பேசறேன். நீங்க நறுமுகைகிட்ட போயிடலாம்.”

சௌதாமினி திரையில் உறைந்து நின்ற தன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அது சிரித்துக்கொண்டிருந்தது. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

“பாத்தீங்களா டாக்டரம்மா” என்றாள் மெதுவாக. “என் குரல்லயே பேசுது.”

“அக்கா...”

“அது நான் இல்ல. எம்பொண்ணு அங்க வயித்தத் தள்ளிக்கிட்டு காத்துக்கிட்டு இருக்கா. நான் போய் உருண்டை தின்னுகிட்டு நிப்பேனா? எந்தத் தாயாவது செய்வாளா? சிரிக்குது பாருங்க. எனக்கு அந்தச் சிரிப்பு வராது.”

ஹமீதா கையை நீட்டிப் படத்தை அணைத்தாள். அவள் நாக்கின் அடியிலும் ஒரு தித்திப்பி இருந்தது. ஏழு மாதமாக இருக்கிறது. தன்னைக் காட்டு என்று அவள் இன்னும் படியளப்பானிடம் கேட்கவில்லை.

மறுநாள் பொதுக்கூட்டம். நாற்பத்தொரு பேரின் தித்திப்பியும் எடுக்கப்பட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம். மூன்றே நாளில் எல்லாவற்றையும் எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, குடியிருப்புக்கு வெளியே செம்மண்ணில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ‘அது’ தொலைந்தது என்று ஊரே மூச்சு விட்டது. மணிக்கட்டில் கட்டியிருந்தவர்கள் அவிழ்த்துப் போட்டார்கள். அந்த நிம்மதியில் யார் யார் துளை முன்னால் நின்று என்ன சொல்லி என்ன வாங்கினார்கள் என்பது படியளப்பானுக்கு மட்டுமே தெரியும். சட்டப்படி அது எழுதவில்லை.

கப்பல் கிளம்பும் நாள். இறங்குதளத்து எடை மேடையில் சௌதாமினி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். வளையலையும் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“அறுபத்து நான்கு கிலோ இருநூறு கிராம்” என்றது மேடை.

மாசிலாமணி பெட்டியைக் கீழே வைத்தார். வரிசையில் அடுத்து நின்ற மெலிந்த மனிதர் ‘மன்னிச்சுக்குங்கம்மா’ என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போனார். சௌதாமினி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “சில்ல எடுத்தாலும் அது போகலையே, உள்ளயே இருக்கே” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் இருந்த மற்ற நாற்பது பேரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை ஹமீதாவின் அறையிலிருந்து சௌதாமினி தன் மகளுக்குச் செய்தி அனுப்பினாள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். அது வந்ததை, தன் குரலில் பேசியதை, போக மறுப்பதை. ‘நான் வரலடி கண்ணு, என்னை வரவிடல’ என்று முடித்தாள். போய்ச் சேர ஆறு நிமிடம், திரும்பி வர ஆறு நிமிடம். முக்கால் மணி நேரம் கழித்து நறுமுகையின் குரல் வந்தது.

“அம்மா, அழாதம்மா. உங்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். போன மாசம் சர்க்கரை கொஞ்சம் கூட இருக்குன்னு இங்க டாக்டர் சொன்னாங்க. அன்னிலேர்ந்து காபில, பால்ல சொட்டு சர்க்கரை இல்ல. இனிப்பு மாத்திரதான் போட்டுக்கறேன். சோறும் பாதியா கொறச்சுட்டேன். வேற ஒண்ணுமே வாயில வைக்கறதில்லம்மா, சத்தியமா. ஆனா மாசத்துல அஞ்சு கிலோ ஏறிடுச்சு. எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. இங்க யாருகிட்ட கேட்டாலும் எனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்னு சொல்றாங்க. அம்மா... அது இங்கேயும் வந்துடுச்சும்மா.”

அந்தப் பேச்சுக்கு நடுவே கறுக், கறுக் என்று ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. சௌதாமினி நிமிர்ந்தாள். ஹமீதா ஒலியைக் கூட்டினாள். சத்தம் தெளிவானது.

“எதையோ கடிக்கிற மாதிரி கேக்குதே டாக்டரம்மா” என்றாள் சௌதாமினி. “அதுதானா?”

ஹமீதா ஒருமுறை அவளைப் பார்த்தாள்.

“அதேதான் அக்கா.”