பச்சையில் தண்ணீர் படலாமா?

இளமதியின் வீட்டு வாசலில் எப்போதும் மண் பொம்மைகள்தான் வெயில் காயும். அந்தச் சனிக்கிழமை, பொம்மைகளுக்கு நடுவே இரண்டு சிறுமிகளும் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி இளமதி. இன்னொருத்தி அடுத்த வீட்டுத் திரௌபதி. இருவருக்கும் நடுவே ஒரு தாள் இருந்தது. அதன்மேல் ஆளுக்கொரு கையை விரித்து வைத்திருந்தார்கள்.

"மூக்கு அரிக்குதுடி!" என்றாள் திரௌபதி.

"கையை எடுத்துடாத! இரு, நான் சொறிஞ்சி வுடறேன்."

இளமதி இடது கையால் அவள் மூக்கைச் சொறிந்துவிட்டாள். திரௌபதிக்குச் சிரிப்பு வந்தது. கை மட்டும் அசையவில்லை.

திரௌபதியின் குடும்பம் அன்று சாயங்காலம் திருப்பூருக்குப் போகிறது. அவள் அப்பாவுக்கு அங்கே பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. தெருவில் வேன் வந்து நின்றுவிட்டது. கட்டிலும் பாத்திரங்களும் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இனி பார்த்துக்கொள்ளவே முடியாது.

இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் ஃபோனில் நிறைய இருந்தன. இடம் போதவில்லை என்று திரௌபதியின் அம்மா போன வாரம் அவ்வளவையும் அழித்துவிட்டார்.

"யாராலயும் அழிக்க முடியாத படம் ஒண்ணு வேணும்டி" என்று திரௌபதி அழுதாள். அதற்காகத்தான் இந்தத் தாள்.

அறிவியல் ஆசிரியர் ராஜ்மோகன் சார், மருந்து பூசிய இரண்டு தாள்களைக் கறுப்பு உறையில் போட்டு இளமதிக்குக் கொடுத்திருந்தார். கேமரா வேண்டாம். தாளின்மேல் எதையாவது வைத்து வெயிலில் காட்டினால் போதும். வெயில் பட்ட இடம் கறுத்து நீலமாகும். நிழல் விழுந்த இடம் பழையபடி இளம்பச்சையாகவே இருக்கும்.

"அப்புறம் பச்சையைத் தண்ணியில கழுவிடணும்" என்றும் சார் சொன்னார்.

இளமதி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. காரணம் இருக்கிறது. அவள் அம்மா அம்சவல்லி பொம்மை செய்கிறவர். பொம்மை ஊரான விருத்தாசலத்தில் சூளையில் சுடாத பொம்மைக்குப் பெயரே 'பச்சை'தான். "பச்சையில தண்ணி பட்டுச்சு, அவ்வளவுதான்! கரைஞ்சி கூழாயிடும்!" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கத்துவார்.

'சார் கரும்பு ஊரான பெண்ணாடத்திலிருந்து வருகிறவர். கரும்பைப் பற்றிக் கேட்டால் சொல்வார். பச்சையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?' என்று இளமதி முடிவு செய்துவிட்டாள்.

இருவரும் கையை எடுத்தார்கள். அடடா! கருநீலத் தாளில் இளம்பச்சையாய் இரண்டு கைகள்!

"தொடாத, இன்னும் பச்சையா இருக்குது. நல்லா காயட்டும்" என்றாள் இளமதி. தாளைப் பொம்மைகளுக்குப் பக்கத்திலேயே வெயிலில் வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க, ஒரு மண் யானையை அதன்மேல் நிறுத்தினாள். பிறகு இருவரும் முறுக்கு தின்னப் போனார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் கைகளைக் காணோம். தாள் முழுக்க நீலம். யானையைத் தூக்கினாள். நாலு கால் இருந்த இடத்தில் மட்டும் நாலு பச்சை வட்டம்.

"உன் கையைக் கேட்டா யானையோட காலைக் குடுக்கறியே!" திரௌபதி சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

இளமதி கறுப்பு உறையைத் தடவிப் பார்த்தாள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு தாள். அதுவும் கெட்டால் அவ்வளவுதான்.

தெருவில் வேன் ஹாரன் அடித்தது. இளமதி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வகுப்பில் சார் சொன்ன தாமஸ் வெட்ஜ்வுட் என்பவரின் ஞாபகம் வந்தது.

தாமஸும் பீங்கான் செய்கிற வீட்டுப் பிள்ளைதான். இங்கிலாந்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, வெள்ளி உப்பு தடவிய தாளிலும் தோலிலும் இலைகளை வைத்து வெயிலில் காட்டினாராம். இலையின் நிழல் படமாகப் பதிந்தது. உலகத்தில் யாரும் அதுவரை பார்த்திராத அதிசயம்! ஆனால் அதை நிலைக்க வைக்க அவருக்கு வழி தெரியவில்லை. வெளிச்சம் பட்டால் படமும் கறுத்துவிடும். பாவம், தான் செய்த படத்தை இருட்டறையில் மெழுகுவத்தி ஏற்றித்தான் பார்க்க முடிந்தது. அப்படியும் அவர் சலிக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். இந்த நீலத் தாளும் அவர்களில் ஒருவர் கண்டுபிடித்ததுதான்.

எவ்வளவு பெரிய மனிதர்கள்! அவர்களுக்கும் படம் அழிந்திருக்கிறது என்று நினைத்தபோது இளமதிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"திரௌபதி, வெயிலு வரையறதை நிறுத்தவே இல்லடி. நாம முறுக்கு தின்னப் போனப்பவும் வரைஞ்சிக்கிட்டே இருந்திருக்குது."

"அதை எப்படி நிறுத்தறது?"

இளமதி யானையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.

"பச்சை பொம்மையைத் தண்ணியில போட்டா என்ன ஆவும்?"

"கரைஞ்சிடும். உங்கம்மா உதைப்பாங்க."

"சுட்ட பொம்மையைப் போட்டா?"

"ஒண்ணும் ஆவாது."

"அதேதான்டி! இந்த நீலம் வெயில்ல வெந்தது, கரையாது. யானை நின்ன இடம் மட்டும்தான் பச்சை. அது கரையட்டும், அப்புறம் வெயிலு வரையறதுக்கு மருந்தே இருக்காது!"

கெட்டுப்போன தாளை வாளித் தண்ணீரில் முக்கினாள். பச்சை கரைந்து ஓடியது. நாலு வட்டங்களும் பால் வெள்ளையாகிவிட்டன. நீலம் கொஞ்சம்கூட ஓடவில்லை. அதன் கறுப்பு போய், பளிச்சென்று தெளிந்தது! வெயிலில் காட்டிப் பார்த்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"பெண்ணாடத்துக்காரருக்கும் பச்சையைப் பத்தித் தெரிஞ்சிருக்குதே!" என்றாள் இளமதி.

ஹாரன் மறுபடியும் அடித்தது.

"இருக்கறது ஒரு தாளு. உன்னோடது. நீயே வச்சுக்க" என்றாள் திரௌபதி.

இளமதி அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனாள். வெளிச்சம் படாமல் இருக்க இருவரும் கட்டிலுக்கு அடியில் புகுந்தார்கள். தலை இடித்தது. இளமதி உறையிலிருந்து தாளை எடுத்து, கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டினாள்.

"இதுல என் கையை வைக்கறேன். இது உனக்கு. அதுல நீ வை. அது எனக்கு."

மறுபடியும் வாசலுக்கு வந்து, ஆளுக்கொரு பாதியில் கையை விரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திரௌபதியின் அப்பா வந்துவிட்டார்.

"வண்டி கெளம்புது, எழுந்து வாம்மா!"

"இப்ப கையை எடுக்க முடியாதுப்பா!"

"ஏன், ஒட்டிக்கிச்சா?" அவர் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டிரைவரைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க" என்று சைகை காட்டினார்.

தாள்கள் கறுத்ததும் இரண்டையும் வாளியில் முக்கினார்கள். பச்சை கரையக் கரைய, நீலத்துக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கைகள் மெல்ல எழுந்து வந்தன. விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. திரௌபதியின் கண்ணாடி வளையல்கூட மெல்லிய கோடாக விழுந்திருந்தது.

"கேமரா இல்லாமலா எடுத்தீங்க?" திரௌபதியின் அப்பா வாயைப் பிளந்தார்.

"வெயிலு எடுத்துச்சுப்பா" என்றாள் திரௌபதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போயிட்டு வரேன்டி."

வேன் கிளம்பியது. இளமதி தெருமுனை வரை ஓடினாள். வேன் திரும்பும்போது, ஜன்னலிலிருந்து நீலத் தாளில் ஒரு வெள்ளைக் கை அவளுக்கு டாட்டா காட்டியது. அது இளமதியின் கை.

இளமதியும் திரௌபதியின் கையைத் தூக்கிப் பிடித்து டாட்டா காட்டினாள்.