நைனா எங்கே விழுந்தார்?

வீட்டில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தால் பொய் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. பூமிகாவின் வீட்டில் அவள் தம்பி பார்த்திபன் இருந்தான்.

"நைனா, நீ எங்க விழுந்த?" என்று அவன் கேட்டான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் உண்டு. இவர்கள் வீடும் அப்படித்தான்.

அப்பா குணாளன் கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அங்கதான்டா," என்று இடது கையை நீட்டினார்.

"அங்கன்னா எங்க?"

"கதவாண்ட."

பார்த்திபன் கதவருகே போய்த் தரையை உற்றுப் பார்த்தான். பிறகு தன் தலையணையைக் கொண்டுவந்து அங்கே போட்டான். "இனிமே விழுந்தா வலிக்காது நைனா," என்றான்.

பூமிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கிற அவளுக்கு உண்மை தெரியும். அப்பா வீட்டில் விழவே இல்லை. இரும்புக் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் கை மாட்டி, விரல்கள் நசுங்கிவிட்டன.

அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்ட மேஸ்திரி பூவராகவன்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். போகிற வழியிலேயே, "யார் கேட்டாலும் ஊட்ல விழுந்துட்டேன்னு சொல்லுப்பா. வேலையில அடிபட்டுச்சுன்னு சொன்னா ரெண்டு பேரு வேலையும் பூடும். கை சரியானதும் வா, நான் பார்த்துக்கறேன்," என்றார். அப்பாவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் மேஸ்திரி அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. அரிசி டப்பா காலியாகிக்கொண்டே வந்தது.

ஒருநாள் அம்மா திலகவதி, வேப்பம்பட்டில் இருக்கும் பெரியம்மாவிடம் போனில் பேசியது பூமிகாவின் காதில் விழுந்தது.

"பார்த்தியை நீ கூட்டிக்கினு போயிடுக்கா. அங்கயே ஸ்கூலுக்கு அனுப்பு. இங்க புள்ளைக்கு வயிறார சோறு போட முடியலக்கா."

ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாகப் பெரியம்மா சொல்லிவிட்டார். பூமிகா வாசலில் போய் நின்றுகொண்டாள். தம்பி இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம் கட்டு மாற்றப் போனபோது டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். "சம்பளத்துல ஈஎஸ்ஐன்னு தொழிலாளர் இன்சூரன்ஸ் பிடிக்கிறாங்க இல்ல? வேலைக்குப் போக முடியாத நாளுக்கு அங்க பணம் கொடுப்பாங்க. ஆபீஸ்ல போய்க் கேளுங்க."

"அய்யோ, ஈஎஸ்ஐன்னா மாத்திரை மட்டுந்தான்னு நினைச்சுக்கினு இருந்தோமே!" என்றாள் அம்மா.

மறுநாள் அம்மா வேலைக்குப் போயிருந்ததால், பூமிகாதான் அப்பாவுடன் ஆபீசுக்குப் போனாள். காலாண்டு விடுமுறை என்பதால் பள்ளி இல்லை. ஒற்றைக் கையால் பையைத் திறக்க அப்பாவால் முடியாதே!

அங்கே சந்திரகலா என்கிற அதிகாரி இருந்தார். "உட்காருங்க. எங்க அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

"ஊட்ல மேடம்."

அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நீங்க வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. வீட்ல அடிபட்டிருந்தா இப்போ பணம் வராதுங்க. வேலையில அடிபட்டிருந்தா, சேர்ந்த மொத நாளா இருந்தாலும் கிடைக்கும்."

அப்பா தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். "வா பூமி, போலாம்."

பூமிகா எழவில்லை. உண்மையை அவள் போட்டு உடைத்தால் அப்பாவுக்கு அவமானம். வாயை மூடிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை தம்பி போய்விடுவான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"வேலையில அடிபட்டுச்சுன்னு ஒருத்தரு உண்மையைச் சொன்னா, அவருக்கு வேலை பூடுமா?"

அதிகாரி பூமிகாவைப் பார்த்தார். ஆனால் பதிலை அப்பாவிடம்தான் சொன்னார். "போகாது. அடிபட்டு இங்க பணம் வாங்குற வரைக்கும் ஒருத்தரை வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. எடுத்தா நேரா எங்ககிட்ட வாங்க. இது யாரும் போடுற பிச்சை இல்லைங்க. உங்களுக்கு உரிமை இருக்கு."

"ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேன் மேடம்," என்று அப்பா முனகினார்.

பூமிகா அவருடைய சட்டையைப் பிடித்தாள். "பார்த்தி பாவம் நைனா," என்றாள்.

அப்பா உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினார், அதில் கட்டு இருந்தது. பூமிகாதான் துடைத்துவிட்டாள்.

"ஊட்ல இல்ல மேடம். கம்பெனி பெல்ட்டுல மாட்டிக்கிச்சு," என்றார்.

அதிகாரி நடந்ததை எல்லாம் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கம்பெனிக்குப் போன் செய்தார். "கொஞ்ச நாள் ஆகும், ஆனா வரும்," என்றார். மளிகைக்கடை அஞ்சம்மாளுக்கு அந்த வார்த்தையே போதுமானதாக இருந்தது. "வரும்போது குடு தாயீ. மொதல்ல அரிசியை எடுத்துக்கினு போ," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மேஸ்திரி மூச்சு வாங்க வந்தார். "இன்னா குணா, இப்படி பேஜாரு பண்ட்டியே! கம்பெனியில என்னைக் கூப்டு கேக்கறாங்க!"

"எனக்குப் பொய் வரல மேஸ்திரி. என் பொண்ணு பக்கத்துலயே நின்னுச்சு," என்றார் அப்பா.

மேஸ்திரி கோபமாக உள்ளே காலை வைத்தார்.

"அய்ய, அதை மிதிக்காத!" என்று பார்த்திபன் கத்தினான். "எங்க நைனா விழுந்த இடம் அது!"

மேஸ்திரி தரையில் கிடந்த தலையணையைப் பார்த்தார். அவருக்கு முகம் கறுத்துப்போனது. தூக்கிய குரல் இறங்கிவிட்டது. "கம்பெனியில கேட்டா நானும் உள்ளதைச் சொல்லிடறேன் குணா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா உடனே பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வராதக்கா. பார்த்தி எங்ககூடவே இருக்கட்டும்."

அவ்வளவுதான், பார்த்திபன் ஓவென்று அழ ஆரம்பித்தான். "ரெண்டு ரயிலு மாறிப் போவணும்னு பெரிம்மா சொல்லிச்சே! எனக்கு ரயிலு வேணும்!"

"நைனாவுக்குக் கை சரியாவட்டும்டா," என்றாள் பூமிகா. "எல்லாருமா போவலாம். போயிட்டு எல்லாருமா திரும்பி வந்துடலாம்."

அவன் சமாதானமாகவில்லை. தரையில் புரண்டு புரண்டு அழுதான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழட்டும் என்று மூன்று பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து, சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.