அளக்காத வரிசை

போன் அலறியது.

ஷெரீஃப் ப்ரூஸ்டர் வாயில் பாதி பிஸ்கட் பன்னும் மீசையில் கிரேவியுமாக எடுத்தார். ஒக்லஹோமாவில் ஒரு மனிதனை நிம்மதியாகக் காலைப் பலகாரம் சாப்பிட விடமாட்டார்கள்.

"ஷெரீஃப்... நான் லோரீன். புல் வயல்ல ஒரு செடி அநியாயத்துக்கு வளந்திருக்கு."

"புல்லு வளர்றதெல்லாம் என் டிபார்ட்மென்ட் இல்லம்மா."

"அதுக்குக் கீழ என் புருஷன் இருக்காரோன்னு பயமா இருக்கு."

பிஸ்கட் தட்டுக்குத் திரும்பியது.

லோரீனின் கணவன் கார்ல்டன் போன வசந்தத்தில் காணாமல் போனவன். விதைகளைத் திருடிக்கொண்டு ஏதோ கம்பெனிக்கு ஓடிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னவர், புல் ஆராய்ச்சியில் இருவருக்கும் மேலதிகாரியான பேராசிரியர் ஹாலிஸ் வெபர். ப்ரொஃபசர் பொய் சொல்வாரா என்ன? ஊர் நம்பியது. சர்ச்சில் லோரீன் பக்கத்தில் உட்காரக்கூட ஆளில்லை. திருடன் பெண்டாட்டி!

வயலில் ஸ்விட்ச் கிராஸ். எரிபொருளுக்கான புல். எந்த மரபணு அதை உயர வைக்கிறது என்று வரைபடம் போட, ஒவ்வொரு செடியையும் தூர் பிரித்து டெக்ஸாஸிலும் கான்சாஸிலும்கூட நட்டிருந்தார்கள்.

லோரீன் ஷெரீஃபுக்கு விளக்கினாள். இந்த ராட்சசச் செடியின் தூரிலிருந்து பிரித்த செடிகள் மற்ற இரண்டு ஊரிலும் குள்ளமாகத்தான் நிற்கின்றன. ஆக, உயரம் மரபணுவில் இல்லை... மண்ணுக்குள் என்னவோ இருக்கிறது. அதோடு, ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் உழவே வேண்டாத புல். பிணம் புதைக்க இதைவிட வசதி ஏது?

பொக்லைன் வந்தது. ஹாலிஸும் வந்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், சிரித்தார்.

"தாராளமா தோண்டுங்க. எல்லாருக்கும் நானே காபி சொல்றேன்."

தோண்டினார்கள்.

கோழி எரு. வேறொன்றுமில்லை!

ஹாலிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லோரீன் அசையவில்லை.

"ஷெரீஃப், வண்டி வந்ததுதான் வந்துச்சு... அந்த ஓர வரிசையையும் வாரிப் பாத்துடுங்க."

ஓர வரிசை, வயலைச் சுற்றிக் காவலுக்கு நடுவது. வெளிச்சம் தாராளமாகக் கிடைப்பதால் கன்னாபின்னாவென்று வளரும். அதனால் அளக்கவே மாட்டார்கள். அந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஹாலிஸ் எடுக்கும் முதல் பாடமே அதுதான்.

ஹாலிஸின் சிரிப்பு நின்றது.

"அதத் தொடாதீங்க! அது... ரொம்ப முக்கியமான செடிங்க!"

"ஓரச் செடியா?" லோரீன் மெதுவாகக் கேட்டாள். "அது குப்பைன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

ஷெரீஃப் பொக்லைன்காரனுக்குக் கை காட்டினார்.

மண்ணோடு ஒரு பெல்ட் பக்கிள் வந்தது. ரோடியோ மாட்டுச் சவாரிப் போட்டியில் கார்ல்டன் ஜெயித்தது. பின்னாலேயே கார்ல்டனும் வந்தான்.

லோரீன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என் புருஷன் திருடன் இல்லை, திருடன் இல்லை என்று அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

கையில் விலங்கு ஏறியதும் ஹாலிஸ் எல்லாவற்றையும் கக்கினார். உயரக் கணக்கில் அவர் செய்த தில்லுமுல்லுவைக் கார்ல்டன் கண்டுபிடித்துவிட்டானாம்.

"அப்போ அந்த ராட்சசச் செடி?" ஷெரீஃப் கேட்டார்.

லோரீன் கண்ணைத் துடைத்தாள்.

"எரு நான் போட்டதுதான். ஓர வரிசை மேல சும்மா சந்தேகமா இருக்குன்னு சொன்னா பொக்லைன் கொண்டு வந்திருப்பீங்களா?"

ஷெரீஃப் ஹாலிஸை ஏற்றியிருந்த காரிடம் போனார். ஜன்னலில் குனிந்தார்.

"கவலைப்படாதீங்க ப்ரொஃபசர். ஜெயில்ல உங்கள ஓர வரிசையில விட்டுட மாட்டோம்... தினம் காலையில கணக்குல சேத்துப்போம்!"