சிவப்புக் கோடு

வீட்டில் ஓட்டை இருக்கிறது என்று மேப் எடிட்டர் நாலாவது முறையாகச் சொன்னது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடமாக வீடியோ கேம்களுக்கு மேப், அதாவது ஆட்டம் நடக்கும் வீடு, தெருவெல்லாம், கணினியில் கட்டித் தருகிறாள். அதற்கான மென்பொருளாக ஒரு புது எடிட்டர் வந்தால் இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் திரையில் கட்டிப் பார்ப்பது சொந்த வீட்டைத்தான், அளவெல்லாம் மனப்பாடம். உள்ளே ஓர் ஆள் பொம்மையை வைக்க வேண்டும். சுவரில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், பொம்மையிலிருந்து அந்த இடைவெளி வரைக்கும் எடிட்டர் சிவப்புக் கோடு இழுத்துக் காட்டும். அவள் பொம்மையை மகளின் கட்டிலில் வைத்திருந்தாள். கோடு அங்கிருந்து கிளம்பி பீரோவுக்குப் பின்னால் சுவருக்குள் போய் மறைந்தது. அங்கே ஓட்டையே இல்லை.

நிஜ மகள் பள்ளிக்கூடம் போகாமல், காய்ச்சலோடு, அடுத்த அறையில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள்.

எடிட்டரின் ஆலோசனைப் பெட்டியில் கோபத்தைக் கொட்டினாள். 'வெறும் கோடு போட்டா என்ன புரியும்? அம்புக்குறி போடுங்க. எத்தனை அடின்னு காட்டுங்க. மூணு வாரமா கத்திட்டிருக்கேன்.'

உடனே பதில் வந்தது. 'நல்ல யோசனை மேடம். சேத்துட்டோம்.'

"இன்னைக்குத்தான் கண்ணு முழிச்சாரு மகராசன்," என்று எடிட்டரைச் செய்தவனைத் திரையைப் பார்த்துத் திட்டினாள்.

கோட்டில் அம்புகள் முளைத்தன. எல்லாம் சுவரிலிருந்து கட்டிலைப் பார்த்து இருந்தன. பக்கத்தில் எழுதியிருந்தது: ஒன்பது அடி.

தலைகீழாகப் போட்டுத் தொலைத்திருக்கிறான் என்று பல்லைக் கடித்தாள். அப்போதுதான், மின்விசிறியின் கிறீச்சுக்கு அடியில், ஈரச் சிமெண்ட் வாசனை மெல்ல மெல்ல அறை முழுக்கப் பரவ, சுவருக்குள் யாரோ பொறுமையாக விரல் நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் வெகுநேரமாகவே கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது.

"கண்ணு, எழுந்துட்டியா?"

"தட்டாதம்மா. தூக்கம் வருது."

அவள் தட்டவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பீரோ மட்டும் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. எலியாகத்தான் இருக்கும், எலியாகவே இருந்து தொலையட்டும் என்று தோளால் முட்டி பீரோவைச் சுவரோடு தள்ளிவிட்டு வந்தாள். பயம் அவளுக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும்.

திரையில் ஆறு அடி.

மேப்பில் அவள் எதையும் நகர்த்தவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து ஆனது.

'என்ன விளையாடுறீங்களா?' விசைப்பலகை அதிர அடித்தாள். 'ஓட்டையக் காட்டத் துப்பில்லன்னா அடைக்கவாவது வழி பண்ணுங்க. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சேத்து ஒரே அழுத்துல அறைய மூடுற பொத்தான் வேணும். மூடினதும் உள்ள எத்தனை பேருன்னு சொல்லணும்.'

'அருமை மேடம். சேத்துட்டோம்.'

பொத்தான் வந்தது. மூன்று அடி. இரண்டு. இன்றைக்கு அவனா நானா. ஓங்கி அழுத்தினாள்.

கோடு மறைந்தது. சுரண்டலும் நின்றது. ஜெயித்துவிட்டாள்.

*ஓட்டை இல்லை. அறைக்குள் இருப்பவர்கள்: 2.*

அவள் வைத்தது ஒரே ஒரு பொம்மை.

ஓடினாள். நடைவழி. விளக்கு சுவிட்ச். அதற்குப் பக்கத்தில் மகளின் அறைக் கதவு இருக்க வேண்டும்.

சுவர். வெறும் சுவர். நிலை இல்லை. இடுக்கு இல்லை. பூச்சு இன்னும் காயவில்லை.

"பாவி, திறடா," என்று குத்தினாள். விரல் முட்டி கிழிந்தது. மறுபடி குத்தினாள். உள்ளே கல்லைப் போல இறுகியிருந்தது. காதை வைத்தாள்.

உள்ளே மகள் தூக்கக் கலக்கத்தில் சிணுங்கினாள்.

"அம்மா, நெத்தியிலேர்ந்து கைய எடேன். ஜில்லுன்னு இருக்கு."

அவளுடைய இரண்டு கைகளும் ஈரச் சுவரின் மேல் இருந்தன.