பீடம் இல்லாத கோவில்

"இன்னும் எத்தனை கோவில்டி பாக்கி வெச்சிருக்கே?"

பாறை மேட்டின் பாதி ஏற்றத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள் ஜொசெத். முன்னால் போன ஆர்மெல் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இது இப்ப கோவில் இல்ல ஜொசெத். ஓவியக் காட்சியகம்."

"நேத்துப் பாத்தது?"

"அது வேற காட்சியகம்."

"அதுல பூரா மாடு. மாடு மேயுது, மாடு தண்ணி குடிக்குது, மாடு சும்மா நிக்குது. மாட்டைப் பாக்கவா நான் லீல் நகரத்துலேர்ந்து ரயிலேறி வந்தேன்?"

"இங்க மாடு கிடையாது. எல்லாம் கடல்."

"கடல்தான் கீழ சும்மா கிடக்கே!"

ஜொசெத் ஆர்மெலின் கணவன் எர்வேயின் அக்கா. வாய் ஓயாது, மனசு வெண்ணெய். ஒவ்வோர் ஆகஸ்டிலும் மூன்று பேரும் க்ரவோல் துறைமுகத்துக்கு வந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குவார்கள். ஆர்மெலுக்குப் பழைய கோவில்களும் ஓவியங்களும். ஜொசெத்துக்குத் துணைக்கு வருவதும் திட்டுவதும். எர்வேக்கோ மீன்தான்.

இன்றும் வீட்டுச் சொந்தக்காரரின் சின்னப் படகை எடுத்துக்கொண்டு கானாங்கெளுத்தி பிடிக்கப் போயிருந்தான். "செத்தவன் வரைஞ்சதை நீங்க பாருங்க, உயிரோட இருக்கறதை நான் புடிக்கறேன்" என்று காலையில் கிண்டலடித்துவிட்டுத்தான் கிளம்பினான். அப்போது கடல் கண்ணாடி போலக் கிடந்தது.

மேட்டின் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடலைக் காணோம்.

வெள்ளைச் சுவர் ஒன்று கரை வரைக்கும் வந்து நின்றிருந்தது. துறைமுகமும் கலங்கரை விளக்கமும் அதற்குள் போய்விட்டன. எங்கோ அடியில் மூடுபனிச் சங்கு நீளமாக அழுதது.

"சாப்பாட்டுக்கு வந்துடுவான்" என்றாள் ஜொசெத், யாரும் கேட்காமலே.

உள்ளே நுழைந்ததும் கல்லின் குளிர் காலில் ஏறியது. ஈரக் கம்பளி நாற்றமும் கடற்பாசி நாற்றமும் கலந்து அடித்தன. முன்பு புனிதர்கள் நின்ற மாடங்களில் ஓவியங்கள் தொங்கின. கோடியில், வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே பீடம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மேஜையும் தபால் அட்டைகள் செருகிய சுழல் தாங்கியும் இருந்தன. மேஜைக்காரப் பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் ஒதீல் என்று பெயர் குத்தியிருந்தது.

"கூரை ஒழுகுதா மதாம்?" என்றாள் ஆர்மெல்.

"கூரை நல்லாத்தான் இருக்கு." ஒதீல் துடைப்பத்தைப் பிழிந்தாள். "பனி இறங்குற நாள்ல இப்படித்தான்."

பக்கச் சுவரில் பெரிய ஓவியம் ஒன்று. வெறுங்கால்களோடு, உடம்பில் ஒட்டிய நனைந்த சட்டைகளோடு, மாலுமிகள் வரிசையாக இதே மேட்டில் ஏறி வருகிறார்கள். பாதையோரம் பெண்கள். அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறார்கள்.

"நல்ல குடும்பம்டி இது" என்றாள் ஜொசெத். "புருஷன் செத்துப் பொழைச்சு வரான், இவளுங்க சுவத்தை மொறைக்கறாளுங்க!"

ஆர்மெல் சிரிக்கவில்லை. கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் அடிக்கவில்லை. மறுபடி அழைத்தாள். மறுபடியும். ஜொசெத் அதைப் பிடுங்கித் தானும் அழுத்திப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து கேலி வழிந்து போனது.

"நான் கீழ போறேன். மீட்புப் படகுக்காரங்களைக் கிளப்பி விடறேன். நீ இங்கயே இரு. மேட்டுலதான் சிக்னல் நிக்கும், அவன் கூப்பிட்டா நீ எடுக்கணும்."

"அவருக்குச் சரியா நீந்தக்கூட வராது ஜொசெத்."

"தெரியும்டி. நான்தானே கத்துக் குடுத்தேன்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "அழாத. அவன் வரட்டும், ரெண்டு பேருமா சேந்து அறையலாம்."

கதவு மூடிக்கொண்டது.

ஒதீல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "உங்க வீட்டுக்காரரா மதாம்?"

ஆர்மெல் தலையை மட்டும் ஆட்டினாள். எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்தது. ஓவியத்தைப் பார்த்தாள். "இவங்க ஏன் திரும்பி நிக்கறாங்க?"

"முகத்தைப் பாத்துட்டா வாய் சும்மா இருக்காதே." ஒதீல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கப்பல் உடையறப்ப மாதாவுக்கு நேர்ந்துக்குவாங்க. கரையேத்திட்டா வெறுங்காலோட, அந்த ஈரச் சட்டையோட, நேரா வந்து உன் பீடத்தைத் தொடறோம்னு. தொடற வரைக்கும் யாரும் அவங்களோட பேசக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்க. திரும்பிட்டா நேர்ச்சை போச்சு, கடல் எடுத்துக்கும்."

"பொழைச்சு வந்தவங்களையா?"

ஒதீல் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"உடம்பு தண்ணியில தத்தளிக்கறப்பவே ஆள் மட்டும் தனியா நடக்க ஆரம்பிச்சுடுவான்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. பீடத்தைத் தொட்டுட்டா உடம்பும் தப்பிச்சுக்கும். அதான் பனி நாள்ல தரை ஈரமாகுது. வராங்க. வந்து, இதோ, இந்த அட்டைங்க முன்னால நிக்கறாங்க. பீடம் எங்கன்னு தெரியாம திரும்பிப் போயிடறாங்க."

"பீடம் எங்க?"

"இதைக் காட்சியகம் ஆக்கினப்ப எடுத்துட்டாங்க. கீழ புனித ரெமி கோவில்ல இருக்கு, துறைமுகத்தை ஒட்டி."

ஆர்மெல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

வெளியே, சரளைக் கல்லில், ஒரு சத்தம்.

சளப்.

ஒதீல் விரலை உதட்டில் வைத்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஓவியத்துப் பெண்களைப் போலவே, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

சளப். சளப்.

கதவு திறக்கவில்லை. ஆனால் உள்ளே ஆள் இருந்தது.

முதலில் தாடிக்காரன் ஒருவன். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், எந்தக் காலத்தவர்களோ. முழங்கால் வரை தொங்கும் சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கண்கள் எதையும் பார்க்கவில்லை. தபால் அட்டைகளின் முன்னால் வந்து நின்றார்கள். கையை நீட்டிக் காற்றைத் தடவினார்கள். வழி தெரியாத குழந்தைகள் போலத் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

இன்னும் ஒரு ஜோடிக் கால்.

நீலக் கோடு போட்ட சட்டை. ஆர்மெல் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

ஞாயிற்றுக்கிழமையில்கூட ஒரு சிலுவை போட்டுக்கொள்ளாத மனுஷன். மாதாவைக் கூப்பிடும்படி அங்கே அவனுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது?

பெயர் தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கைப் பற்களுக்கிடையில் வைத்து நசுக்கினாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

எர்வே அவளைத் தாண்டிப் போனான். அட்டைகளின் முன் நின்றான். கையை நீட்டினான். அங்கே ஒன்றும் இல்லை. அவன் தோள்கள் தொய்ந்தன. வந்த வழியே போகத் திரும்பினான்.

போகக் கூடாது.

ஆர்மெல் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மீன்கடைப் பனிக்கட்டியில் கை வைத்தது போல இருந்தது. தோள் வரை மரத்துப் போயிற்று. ஆனால் கைக்குள் கை இருந்தது. இழுத்தாள். அவன் வந்தான்.

வெளியே தன் கால்கூடத் தெரியாத வெள்ளை. விழுந்துவிடாமல், ஒரு கையால் பாறையைத் தடவிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினாள். மறு கையில் அவன். சட்டைப் பையில் கைப்பேசி துடித்தது. ஜொசெத்தாகத்தான் இருக்கும். எடுக்க வேண்டுமானால் ஒரு கையை விட வேண்டும். பாறையை விட்டால் விழுந்து உருளுவாள். அவனை விட்டால்?

துடித்துத் துடித்து அது ஓய்ந்தது.

பின்னால் கேட்டது ஒரு ஜோடி ஈரக்காலின் சத்தம் மட்டும் இல்லை. அந்த மூவரும் கூடவே வந்தார்கள்.

மாதாவே, திரும்பிப் பார்க்காதபடி செய். இன்னும் கொஞ்ச தூரம். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

மீன் ஏலக் கொட்டகையைத் தாண்டினாள். அடைத்திருந்த பலகாரக் கடைகளைத் தாண்டினாள். யாரும் எதிர்ப்படவில்லை. புனித ரெமி கோவிலின் படிகள் பனிக்குள் சாம்பல் நிறமாக எழுந்தன. கதவு திறந்திருந்தது. உள்ளே, மெழுகுவர்த்திகளின் மஞ்சளில், நீளமான வெள்ளைக் கல் தெரிந்தது. ஆர்மெல் படியில் கால் வைத்தாள். எர்வேயும் வைத்தான். பிடித்திருந்த மணிக்கட்டில் இலேசான சூடு தட்டியதை அவள் உணர்ந்தாள். ஒரு துடிப்பு. இன்னொன்று.

மேல் படியில், தூணோரம், ஓர் உருவம் எழுந்தது. கண்கள் வீங்கி, மூக்கைச் சிந்திக்கொண்டு. மீட்புப் படகைக் கிளப்பிவிட்டு, மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த ஜொசெத்.

ஆர்மெல் தலையை வேக வேகமாக ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். கண்ணால் கெஞ்சினாள்.

ஜொசெத் அவளைப் பார்க்கவே இல்லை. தம்பியைத்தான் பார்த்தாள்.

"எர்வே! அட பாவி, எங்கடா போய்த் தொலைஞ்ச! உசுரே போயிடுச்சுடா எனக்கு!"

அவன் திரும்பினான்.

சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்குத் திரும்பிப் பழகிய மாதிரியே, சட்டென்று திரும்பினான். கண்களில் ஆள் வந்தது. அக்காவைத் தெரிந்துகொண்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

கடல் வந்தது. வாயிலிருந்து, நிற்காமல், சத்தமே இல்லாமல்.

ஆர்மெலின் விரல்கள் ஒன்றோடொன்று மூடிக்கொண்டன. நடுவில் இருந்தது வெறும் தண்ணீர்.

மற்ற மூவரும் நிற்கவில்லை. அவளைக் கடந்து படியேறி உள்ளே போனார்கள். அவர்களுக்குப் பீடம் கிடைத்துவிட்டது. வெளியே யாரும் திரும்பி வரவில்லை.

மீட்புப் படகு கரைக்கு வந்தபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. செம்பட்டைத் தலை இளைஞன் ஒருவன் இறங்கி வந்தான். நேராகப் பார்க்க முடியாமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"புடிச்சுட்டோம் மதாம். கையைப் புடிச்சுட்டோம். பாதி உடம்பு படகுக்குள்ள வந்துடுச்சு. பயப்படாதீங்க, ஆச்சுன்னுகூட சொன்னேன். அப்ப... யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்பினாரு. அவ்வளவுதான். வழுக்கிட்டாரு. அங்க யாருமே இல்ல மதாம், யார் கூப்பிட்டிருப்பாங்க?"

உடல் கிடைக்கவில்லை.

அன்று முழுக்க ஜொசெத் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "நீயும் பாத்த இல்ல? படியில நின்னான். உன் கையைப் புடிச்சுட்டு நின்னான். என்னைப் பாத்து ஏதோ சொல்ல வந்தான்."

"பனி ஜொசெத். யாரோ போனாங்க. நீ அழுதுட்டிருந்த."

"நான் கூப்பிட்டதுக்குத்தானே அவன்..."

"யாரும் இல்ல. நீ யாரையும் கூப்பிடல."

அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் ஜொசெத் உயிரோடு இருந்தாள். ஆர்மெலுக்கு அது தெரியும். அதனால் எத்தனை முறை கேட்டாலும் அதையே சொன்னாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் பிற்பகலிலேயே மறுபடி பனி இறங்கியது. இருவரும் மாடி அறையில் எர்வேயின் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி வெளுத்தது.

கீழே, சாத்தியிருந்த வாசல் கதவுக்கு உள்பக்கம், ஒரு சத்தம்.

சளப்.

ஜொசெத்தின் கையிலிருந்த ஸ்வெட்டர் நழுவியது.

மரப்படி ஒன்று முனகியது. அடுத்த படி. கடற்பாசி நாற்றம் கதவு இடுக்கு வழியே அறைக்குள் வந்தது. மாடிப்படியின் வளைவில் அது நின்றது. பிறகு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல, கொழகொழவென்று, பொறுமையாக, ஒரு குரல் கேட்டது.

"என்ன ஜொசெத்? கூப்பிட்டியே."

ஜொசெத்தின் முகம் மலர்ந்தது. அழுகையும் சிரிப்புமாக மலர்ந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆர்மெல் பாய்ந்து அவளைச் சுவரோடு அழுத்தி, அந்த வாயை இரண்டு கைகளாலும் பொத்தினாள். கைக்குள் ஜொசெத் திமிறினாள், கடித்தாள். ஆர்மெல் விடவில்லை.

இன்னொரு படி.

"ஆர்மெல்?" என்றது குரல். "நீயும் இருக்கியா? ரொம்பக் குளுருதும்மா."

தன் வாயைப் பொத்திக்கொள்ள அவளுக்கு வேறு கை இல்லை.